பெட்டிக்கும் காதுக்கும் பொருத்தம்

அக்கா முதலில் டிரான்சிஸ்டரைப் பார்க்க மாட்டாள். காதைத்தான் பார்ப்பாள்.

"இங்கன வாங்க, வெளிச்சத்துல நில்லுங்க" என்று வந்தவரை ஜன்னல் பக்கம் நிறுத்துவாள். காதின் மேல்மடலை இரண்டு விரலால் லேசாக இழுத்து உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "ம், பணியாரக் காது" என்பாள். பணியாரக் காது என்றால் குழி நல்ல ஆழம், எந்த இயர்போனும் உட்கார்ந்துகொள்ளும். முறுக்குக் காது என்றால் உள்ளே வளைவு அதிகம், மாட்டிய ஐந்தாவது நிமிடம் இயர்போன் நழுவி மடியில் விழும். எனக்கு முறுக்குக் காது. அதைச் சொன்ன அன்று வீட்டுக்குப் போய்க் கண்ணாடி முன்னால் அரை மணி நேரம் நின்றேன். அப்படி ஒன்றும் மோசமாகத் தெரியவில்லை.

எழுபதுகளின் பிற்பகுதி அது. தூத்துக்குடி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நாங்கள் பதினோரு பெண்கள் ஆபரேட்டர்கள். நான் கடலோரத் திரேஸ்புரம். எங்களுக்கெல்லாம் மூத்தவளான அக்காவுக்கு நாசரேத் பக்கம். விதவைத் தாயோடு இரண்டு அறை வாடகை வீடு. இரண்டு தம்பிகள் பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு நாற்பதை நெருங்கிய வயது, தடித்த கண்ணாடி, நல்ல கஞ்சி போட்ட புடவை. கண்ணாடியையும் புடவையையும் பார்த்துத் தெருக்காரர்கள் டீச்சர் என்றே கூப்பிட்டார்கள். அவளும் திருத்தவில்லை.

கப்பல்காரர்கள் கொண்டுவந்து இறக்கும் டிரான்சிஸ்டர்களும் கேசட் பெட்டிகளும் ஊருக்குள் பரவிக்கொண்டிருந்த காலம். பெட்டி ஒரு நாட்டிலிருந்து வரும். அதோடு வந்த இயர்போன் எங்கேயாவது தொலைந்துபோகும். பஜாரில் வேறு நாட்டு இயர்போன் தொங்கும். இதன் ஊசி அதன் துளையில் நுழைந்துவிட்டால் போதும், வேலை முடிந்தது என்று ஜனங்கள் நினைத்தார்கள். அக்காவுக்கு அதைக் கேட்டாலே கோபம் பொத்துக்கொண்டு வரும்.

"நுழைஞ்சா ஆச்சா? என் காலு ஒன் செருப்புக்குள்ள நுழையத்தான் செய்யும். அதுக்காவ அதைப் போட்டுட்டு நாசரேத் வரைக்கும் நடக்க முடியுமா?"

அவளிடம் ஒரு பெப்பர்மின்ட் தகர டப்பா இருந்தது. அதற்குள் பதினைந்து இயர்போன்கள், ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சுருட்டி நூல் கட்டியிருக்கும். இயர்போன் அப்போது ஒரு காதுக்கு மட்டும்தான், இரண்டு காதுக்கும் சேர்த்துக் கேட்கும் வழக்கம் எங்கள் ஊருக்கு வரவில்லை. பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து நுனியைத் துடைத்து, முதலில் தன் வலது காதில் வைத்துப் பார்ப்பாள். பிறகு வந்தவர் காதில் வைப்பாள். சில இயர்போனுக்குப் பெட்டி பலமாகத் தள்ள வேண்டும், சிலதுக்குத் தொட்டாலே போதும். எது எதற்கு என்று அவள் காதுக்குத் தெரியும். நுனி காதில் நிற்காவிட்டால் சைக்கிள் வால்வ் டியூபைக் கத்தரித்து அதன்மேல் மாட்டிவிடுவாள். காதை அது அடைத்துக்கொண்டதும், அதுவரை தகர டப்பாவில் கொட்டியது மாதிரி கேட்ட மேளம் நெஞ்சுக்குள் இறங்கும். கேட்டவர் கண் விரியும். அந்தக் கண்ணைப் பார்க்கத்தான் அவள் இத்தனை பாடும் பட்டாள் என்று நினைக்கிறேன். காசு வாங்க மாட்டாள்.

யார் என்ன குறை சொல்லிக்கொண்டு வந்தாலும் அவளிடம் ஒரே தீர்ப்புதான். "பெட்டியிலயும் குத்தமில்ல, காதுலயும் குத்தமில்ல. ஜோடிதான் சேரல."

ஒருமுறை கல்யாண வீடுகளுக்கு மைக் செட் கட்டும் பையன் ஒருவன் கருகிய இயர்போனோடு வந்தான். புனல் ஸ்பீக்கருக்குப் போகும் பெரிய ஆம்ப்ளிஃபையரில் இந்தத் துளியூண்டு இயர்போனைச் சொருகிக் காதில் வைத்திருக்கிறான். கிரீச் என்று ஒரு சத்தம், அடுத்தது புகை. நல்லவேளை, காதுக்கு ஒன்றும் ஆகவில்லை.

"மட்டமான சாமான் டீச்சர், ஏமாத்திப்புட்டான் கடைக்காரன்" என்றான்.

"கோட்டிக்காரப் பயலே, கைப்பிள்ளைக்கு அண்டா நெறய பாலை ஒரேயடியா வாயில ஊத்துவியா நீ? அது என்ன செய்யும், பாவம்."

இயர்போனைத்தான் பாவம் என்றாள், அவனை இல்லை.

அவளிடமே ஒரு சின்ன ஆம்ப்ளிஃபையர் உண்டு. ரேடியோ ரிப்பேர் கடை அண்ணாச்சியிடம் உட்கார்ந்து, கேட்டுக் கேட்டுப் பற்றவைத்து, சோப்பு டப்பாவுக்குள் அடைத்தது. சத்தம் குறைவான பெட்டிக்கும் அதிக பலம் கேட்கும் இயர்போனுக்கும் நடுவில் அதை வைப்பாள். அதற்கு அவள் வைத்திருந்த பெயர் தரகர்.

"ஊருக்கெல்லாம் ஜோடி சேக்குறிய, ஒங்களுக்கு எப்பக்கா?" என்று ஒருநாள் சாப்பாட்டு அறையில் ஒருத்தி துணிந்து கேட்டுவிட்டாள்.

"எனக்கு வந்ததெல்லாம் ஓயாமப் பேசுற பெட்டிளா. நிப்பாட்டுற பொத்தானே இல்ல" என்றாள் அக்கா, மோர் சாதத்திலிருந்து தலை நிமிராமல்.

இவ்வளவு வேடிக்கையான மனுஷி, எக்ஸ்சேஞ்சில் ஹெட்செட்டை மாட்டிவிட்டால் வேறு ஆளாகிவிடுவாள். எங்கள் ஹெட்செட் ஒரு காதுக்குத்தான். மற்றக் காது திறந்திருக்கும், அறையில் யாராவது கூப்பிட்டால் கேட்க வேண்டும் என்பதற்காக. நாங்கள் எல்லோரும் ஒரு காதில் வெளியூர் டிரங்க் கால் வாங்கி மறு காதில் ஊர்க்கதை வாங்குவோம். அக்கா திரும்பவே மாட்டாள். கூப்பிட்டாலும் கிடையாது, சிரித்தாலும் கிடையாது. ஒருநாள் அவள் பின்னால் தண்ணீர்ப் பானை விழுந்து உடைந்தது, அப்போதும் திரும்பவில்லை. சூப்பர்வைசருக்கு அவளைக் காட்டிக் காட்டி எங்களைத் திட்டுவது ஒரு தனி சந்தோஷம்.

"பாத்துக்கிடுங்க. குண்டு போட்டாலும் திரும்பாது அந்தம்மா. கவனம்னா அது கவனம்."

எங்களுக்கு எரியும். தலைக்கனம் என்று பேசிக்கொள்வோம். நான்தான் அதிகம் பேசினேன். அதற்குக் காரணம் இருந்தது. எனக்கு நிச்சயம் பண்ணியிருந்த கீழவைப்பார் மாப்பிள்ளை, எங்களைவிடப் பெரிய இடம் கிடைத்ததும் வேண்டாம் என்று சொல்லிவிட்டான். வீட்டில் அழ முடியாது, அம்மா என்னைவிட அதிகம் அழுதுகொண்டிருந்தாள். வேலை முடிந்து கடற்கரைச் சாலையில் நடந்து போகும்போது அக்காவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். தேவாலயத்திலிருந்து ஐஸ் ஃபாக்டரி வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தேன். சொல்லி முடித்து, என்ன சொல்லப் போகிறாளோ என்று அவள் முகத்தைப் பார்த்தேன்.

அவள் கடலைப் பார்த்தாள். "கொண்டல் காத்து அடிக்கி. மழை வரும்போலளா" என்றாள்.

அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தில் அப்படியே கடலில் பிடித்துத் தள்ளியிருப்பேன். அதன்பிறகு அவளிடம் வேலைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்று மாதம் இருக்கும். என் மௌனத்தைக்கூட அவள் கவனித்த மாதிரி தெரியவில்லை, அதுதான் இன்னும் எரிச்சல்.

அந்தச் சமயத்தில்தான் சங்கு மாமா வந்தார். எங்கள் தெருவில் இருந்தவர், கடலில் மூழ்கிச் சங்கு எடுக்கிறவர், தெருவுக்கே மாமா. மாமி போய்ச் சேர்ந்து நாலு வருஷம். ஒரே மகன் வெளிநாட்டுக் கப்பலில் வேலையில் சேர்ந்து இரண்டு வருஷமாகியிருந்தது. கொஞ்ச காலமாக மாமா யார் என்ன சொன்னாலும் "ஆமா, ஆமா" என்று தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். மகன் சம்பாதிக்கிறான், மனுஷனுக்குப் பெரியதனம் வந்துவிட்டது என்று நினைத்தோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் கோயில் பூசை முடிந்து வந்தபோது எங்கள் வாசலில் நின்றார். கையில் கேசட் பெட்டி. மகனோடு முன்பு வேலை பார்த்த ஒருவர் வேறு கப்பலில் துறைமுகத்துக்கு வந்திருக்கிறாராம். மகன் பேசி அனுப்பிய கேசட்டும் பெட்டியும் இயர்போனும் வியாழக்கிழமையே கொண்டுவந்து கொடுத்துவிட்டாராம். கப்பல் இன்று சாயங்காலம் புறப்படுகிறது, அடுத்த துறைமுகத்தில் அவர் மகனைப் பார்ப்பாராம்.

"இயர்போன் சரியில்லளா. ஒங்க ஆபீஸ்ல ஒரு டீச்சரம்மா காதுக்குப் பொருத்தம் பாத்துக் குடுக்காவளாமே. கூட்டிட்டுப் போ."

"சத்தமாப் போட்டுக் கேக்க வேண்டியதான மாமா?"

அவர் என் வாயையே பார்த்தார். "எம்மகன் எங்கிட்டப் பேசுனது. ஊருக்கா பேசுனான்?" என்றார். அதுவும் நியாயம்தான். எனக்கு அக்கா வீட்டுக்குப் போக இஷ்டமில்லை. மாமா முகத்தைப் பார்த்துவிட்டுப் போனேன்.

அக்கா வழக்கம்போல ஜன்னல் பக்கம் நிறுத்திக் காதைப் பார்த்தாள். "முதல் தரமான பணியாரக் காது" என்றாள். மாமாவின் இயர்போனைத் துடைத்துத் தன் காதில் வைத்துக் கேட்டாள். "கணீர்னு இருக்கே." உடனே எடுத்துவிட்டாள், பிறத்தியார் கடிதம் என்பதால். மாமா காதில் வைத்தாள்.

"எரைச்சலா இருக்கு டீச்சர்."

டப்பாவிலிருந்து வேறொன்று எடுத்தாள். "தண்ணிக்குள்ள கேக்குற மாதிரி இருக்கு." இன்னொன்று. "தூரமா இருக்கு." வால்வ் டியூப் மாட்டினாள். தரகரை நடுவில் வைத்துச் சத்தத்தைக் கூட்டினாள். மாமா உதட்டைப் பிதுக்கினார். ஏழு இயர்போன் ஆயிற்று. அக்காவின் மூக்கு நுனி சிவந்துவிட்டது. அவள் கைக்கு ஏழு முறை தப்பிய காது அந்த ஊரில் கிடையாது. எனக்கு, உண்மையைச் சொன்னால், கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

எட்டாவதை எடுக்க அலமாரிப் பக்கம் திரும்பியவள், அங்கிருந்தே, "அண்ணாச்சி, காப்பி குடிக்கியளா?" என்று கேட்டாள்.

பதில் இல்லை. மாமா பெட்டியைத் தடவிக்கொண்டிருந்தார். ஆகா, பழிக்குப் பழி என்று நினைத்துக்கொண்டேன்.

அக்கா மெதுவாகத் திரும்பினாள். அவர் முகத்துக்கு நேரே வந்து நின்று அதே கேள்வியை இன்னும் தாழ்ந்த குரலில் கேட்டாள். "குடிக்கேன் டீச்சர்" என்றார் மாமா உடனே.

அக்கா என்னைப் பார்த்தாள். "ஏளா, நீ போய்க் காப்பி போடு. கதவைச் சாத்திக்கோ."

குசினிக் கதவில் விரல் அகலத்துக்கு ஒரு சந்து இருந்தது. நான் அடுப்பைப் பற்றவைக்கவே இல்லை.

அக்கா வாங்குப் பலகையை இழுத்துப்போட்டு அவர் எதிரில் உட்கார்ந்தாள். "எத்தன நாளாச்சு அண்ணாச்சி?"

மாமா ஜன்னலைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். அவ்வளவு பெரிய உடம்பு சுருங்கிப்போனது. "போன சீசன்ல கடலுக்கு அடியில இருக்கும்போது ரெண்டு காதும் உடைஞ்சிருச்சு டீச்சர். ரத்தம் வந்துச்சு. ஆறிரும்னு பாத்தேன். கூப்பிட்டாக் கேக்காதவன எவன் வள்ளத்துல ஏத்துவான்? வெளிய தெரிஞ்சா எம் பொழப்பு போச்சு. மவனுக்கும் தெரியாது. தெரிஞ்சிருந்தா எனக்குப் போயி பேசி அனுப்பியிருப்பானா?"

நான் எதிர்பார்த்தது அவள் அழுவாள், ஆறுதல் சொல்லுவாள் என்று. அக்கா தன் தீர்ப்பைச் சொன்னாள், ஒவ்வொரு சொல்லாக, அவர் தன் உதட்டைப் பார்த்து வாசித்துக்கொள்ளும்படி.

"பெட்டியிலயும் குத்தமில்ல. ஒங்க காதுலயும் குத்தமில்ல. ஜோடிதான் சேரல. இருங்க."

அலமாரியின் அடியிலிருந்து வட்டமான கறுப்பு ரிசீவர் ஒன்றை எடுத்தாள். எக்ஸ்சேஞ்சில் கழித்துப்போட்ட பழைய ஹெட்செட்டின் ரிசீவர். கேசட் பெட்டியிலிருந்து தரகருக்கு ஒரு வயர், தரகரிலிருந்து ரிசீவருக்கு ஒரு வயர். சத்தத்தை முழுக்கத் திருகினாள். ரிசீவரை அவர் காதில் வைக்கவில்லை. காதுக்குப் பின்னால் புடைத்திருக்கும் எலும்பில் வைத்து, உள்ளங்கையால் நன்றாக அழுத்திப் பிடித்தாள்.

மாமா துள்ளி எழுந்தார். வயர் இழுத்ததில் தரகர் தரையில் விழுந்தது. அக்கா அதை எடுத்து அவரை உட்காரவைத்து மறுபடியும் அழுத்தினாள்.

"எய்யா!" என்றார் மாமா. "எம்மவன்! தண்ணிக்கு மேல தலையத் தூக்குன மாதிரி கேக்கு டீச்சர்!"

கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கன்னத்தில் வழிந்துகொண்டிருந்தது, துடைக்கவில்லை. அக்கா அழுத்திய கையை எடுக்காமல் தலையை மட்டும் வேறு பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கேசட் நின்றதும் மாமா திடீரென்று தலையில் அடித்துக்கொண்டார்.

"அய்யோ, நான் சரின்னுல்லா சொல்லிப்புட்டேன்!"

விஷயம் இதுதான். மகன் கேட்டிருந்தான்: "இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்லுதாவப்பா. நீங்க சரின்னா போடுதேன். வான்னா இந்த மாசமே எறங்கி வந்துருதேன். ஒங்க வாயால சொல்லுங்க." நேற்று கேசட் கொண்டுவந்த ஆள் துறைமுகத்தில் பார்த்து, "கேட்டியளா, என்ன பதில் சொல்ல?" என்று கேட்டதற்கு, என்ன ஏதென்று தெரியாமலே மாமா பெரிய மனுஷன் மாதிரி, "சரின்னு சொல்லிரு" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

"என்ன சொல்லணும்னு ஆசை ஒங்களுக்கு?" என்றாள் அக்கா.

"வான்னு சொல்லணும் டீச்சர். தனியா எவ்வளவு நாளு நடிக்க?"

அக்கா கேசட்டின் மறுபக்கத்தைப் போட்டு, பதிவுப் பொத்தானை அமுக்கிக் கை காட்டினாள். பெட்டிக்குள் பேசிப் பழக்கமில்லாத மனுஷன், கடலில் அடுத்த வள்ளத்தைக் கூப்பிடுகிற குரலில் ஆரம்பித்தார்.

"ஏலே! கையெழுத்தும் வேண்டாம், ஒரு எழவும் வேண்டாம்! நேத்து சரின்னது சும்மா சொன்னதுலே! அப்பனுக்குக் காது போச்சு! நீ வாலே! வந்துரு!"

பக்கத்து வீட்டு ஜன்னல்கள் திறந்தன. பக்கத்து வீட்டம்மா கரண்டியோடு வாசலுக்கே வந்துவிட்டாள். "என்ன டீச்சர், சண்டையா?"

ரகசியம் தெருவுக்கு வந்துவிட்டதே!

"சண்டையெல்லாம் இல்ல" என்றாள் அக்கா, நிதானமாக. "மகன் கப்பல்ல இருக்கான். எவ்வளவு தூரம்! அங்க வரைக்கும் கேக்கணும்லா, அதான் சத்தமாப் பேசுதாரு."

அந்தம்மா யோசித்தாள். "அதுவும் சரிதான்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மாமா கேசட்டை மடியில் கட்டிக்கொண்டு சைக்கிளை எடுத்தார். கப்பல் கிளம்புவதற்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டார். இரண்டாவது மாதம் பையன் வந்து இறங்கினான். அது பிறகு நடந்தது. அன்றைக்கு அவர் போனபின், அக்கா ரிசீவரைத் துடைத்துக்கொண்டிருக்க, நான் அவள் பக்கத்தில் வாங்கில் உட்கார்ந்தேன்.

"எலும்புல வச்சா கேக்கும்னு ஒங்களுக்கு எப்படிக்கா தெரியும்?"

பதில் இல்லை. துடைத்துக்கொண்டே இருந்தாள். இந்நேரத்திலுமா இந்தத் தலைக்கனம் என்று வாயைத் திறக்கப் போனேன். அப்போதுதான் நான் அவளுக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருப்பது என் மண்டையில் ஏறியது. கடற்கரைச் சாலையிலும் இடப்பக்கம்தான் நடந்தேன். எக்ஸ்சேஞ்சில் ஹெட்செட் வலது காதில். திறந்திருக்கும் காது இடது.

எழுந்து சுற்றிவந்து அவளுக்கு வலப்பக்கம் உட்கார்ந்து, அதே கேள்வியை அதே குரலில் கேட்டேன்.

அக்கா துடைப்பதை நிறுத்தினாள். நான் உட்கார்ந்திருந்த பழைய இடத்தையும் இப்போது உட்கார்ந்திருக்கும் இடத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏழு வருஷமாச்சுளா" என்றாள். "சீழ் வச்சு இடது காது போச்சு. வெளியூர்ல ஒரு டாக்டர் எலும்புல ஒரு கம்பிய வச்சுப் பாத்தாரு, கேட்டுச்சு. வீட்டுல வந்து ரிசீவரை வச்சுப் பாத்தேன், அதுவும் கேட்டுச்சு. ஆபீஸ்ல தெரிஞ்சா எந்திரிச்சுப் போன்னுருவான். தம்பிமாரு ரெண்டு பேரும் படிச்சு முடிக்கணும்." ரிசீவரை மடியில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் கேட்டாள். "நீ ஏதாவது முக்கியமாச் சொல்லி, நான் கேக்காம விட்டுட்டேனா? கொஞ்ச நாளா நீ பேசவே இல்ல. என்னன்னு கேக்கவும் பயமா இருந்துச்சு."

மூன்று மாதமாக அவளைத் திட்டிய திட்டெல்லாம் ஞாபகம் வந்து வெட்கமாக இருந்தது. கீழவைப்பார் கதையை முதலிலிருந்து, வலது காதில், மறுபடியும் சொன்னேன். நடுவில் இரண்டு தரம் "அப்புறம்?" என்று கேட்டாள். முடித்ததும் காத்திருந்தேன். அவனிலும் குத்தமில்லை, உன்னிலும் குத்தமில்லை என்று ஆரம்பிப்பாள், தெரியும்.

"அந்தப் பெட்டியிலதான்ளா முழுக் குத்தமும்" என்றாள் அக்கா. "சவத்து மூதி. நாசமாப் போவான்."

அவள் ஒரு பக்கத்தைக் குற்றம் சொல்லி நான் கேட்டது அந்த ஒருமுறைதான். இருவரும் சிரித்த சிரிப்பில் உள் அறையிலிருந்து அவள் அம்மா எழுந்து வந்துவிட்டாள்.

மறுநாள் எக்ஸ்சேஞ்சில் சண்டை போட்டு அவள் பக்கத்து நாற்காலியைப் பிடித்தேன். பதினொரு மணிக்கு சூப்பர்வைசர் வந்தார். சென்னையிலிருந்து பெரிய அதிகாரி ஒருவரும் கூடவே வந்திருந்தார். சூப்பர்வைசர் பின்னால் நின்று அக்காவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அவள் திரும்பவில்லை. அவர் முகத்தில் பெருமை. அதிகாரி முகத்தில் அது இல்லை. "ஏன், காது கேக்காதா?" என்றார்.

நான் மேசைக்கு அடியில் காலை நீட்டி ஓர் உதை விட்டேன். அக்கா சட்டென்று திரும்பி, "சார்?" என்றாள்.

அதிகாரி தலையாட்டிவிட்டு அடுத்த ஆளிடம் நகர்ந்தார். சூப்பர்வைசருக்குத்தான் ஏமாற்றம் தாங்கவில்லை. "என்னம்மா, ஒரு தடவை கூப்பிட்டதுக்கே திரும்பிட்ட? கவனம் குறைஞ்சுபோச்சே" என்று வருத்தப்பட்டுக்கொண்டே போனார்.

நான் ஒன்றும் தெரியாதவள் மாதிரி திருச்சிக்கு லைன் போட்டுக்கொண்டிருந்தேன். அக்கா ஒரு டிரங்க் கால் சீட்டை எடுத்துப் பென்சிலால் ஏதோ எழுதி என் பக்கம் தள்ளினாள். பிரித்துப் பார்த்தேன்.

"பெட்டியிலும் குத்தமில்லை, காதிலும் குத்தமில்லை. ஜோடியும் சேர்ந்தாச்சு. நாளையிலிருந்து செருப்பைக் கழட்டிவிட்டு உதை."